‘மாணவர்’ என்னும் புனைபெயர்

வில்லியம் சீலி கோசெட் 1876ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்ற அவர், 1899இல் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் மதுபான ஆலையில் பணியில் சேர்ந்தார்.

அங்கு, எந்த வகைப் பார்லி சிறந்தது என்பன போன்றவற்றை ஆராயும் பொறுப்பு அவருக்கு இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் பணமும் காலமும் செலவாகின. எனவே, சில அளவீடுகளே கிடைத்தன. அக்காலப் புள்ளியியல் முறைகளோ ஏராளமான அளவீடுகளுக்கே பொருந்தின.

இச்சிக்கலை நம் தோட்டப்புறச் சூழலில் எண்ணிப் பார்க்கலாம். ஈப்போவுக்கு அருகிலுள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில், இருவகைப் பால்மரங்களில் வகைக்கு ஐந்தைச் சீவிப் பாலை அளப்பதாகக் கொள்வோம். ஒரு வகையின் சராசரி கூடுதலாக உள்ளது. அவ்வகை உண்மையிலேயே சிறந்ததா? அல்லது தற்செயலாக நல்ல மரங்கள் அதில் அமைந்துவிட்டனவா? தவறான வகையைத் தோட்டம் முழுவதும் நட்டுவிட்டால், பிழையை உணரவே பல ஆண்டுகள் ஆகிவிடும்.

விடை தேடிய கோசெட், 1906இல் இலண்டன் சென்று அறிஞர் கார்ல் பியர்சனிடம் பயின்றார். 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காக 750 குழுக்களாகப் பிரித்தார். அவற்றைக் கொண்டு தம் சூத்திரத்தைச் சரிபார்த்தார். அளவீடுகள் குறையக் குறைய, சராசரியின் மீதான நம்பிக்கை எவ்வளவு குறைய வேண்டும் என்பதை அச்சூத்திரம் காட்டியது.

இம்முடிவுகள் 1908இல் ‘பயோமெட்ரிகா’ ஆய்விதழில் வெளிவந்தன. பணியாளர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் இசையாததால், மாணவர் எனப் பொருள்படும் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரை அவர் சூடிக்கொண்டார். தொடக்கத்தில் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ரொனால்ட் ஃபிஷர் என்ற அறிஞரே இதன் அருமையை உணர்ந்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் வகையில் விரிவாக்கினார்.

இம்முறையில், இரு சராசரிகளின் வேறுபாட்டைத் தற்செயலாக நேரக்கூடிய ஏற்றத்தாழ்வின் அளவால் வகுப்பர். ஐந்து விழுக்காட்டுப் பிழைவாய்ப்பை ஏற்றுக்கொண்டால், ஏராளமான மரங்களை அளந்த நிலையில் ஈவு 1.96ஐத் தாண்டினால் போதும். வகைக்கு ஐந்து மரங்கள் மட்டுமே எனில், அது 2.31ஐத் தாண்ட வேண்டும். சான்று குறைவாக இருக்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதே இதன் பொருள்.

கோசெட் 1937ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் காலமானார். இன்று வேளாண்மை, மருத்துவம், கல்வி முதலிய துறைகளில் ஆய்வாளர்கள் அவரது முறையைக் கையாளுகின்றனர். அது இன்றும் ‘ஸ்டூடண்ட் டி-சோதனை’ என்றே வழங்குகிறது.