குவாஷியோர்கர்: ஸ்கூலில் மனப்பாடம் செய்த அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு டாக்டர்! யார் இந்த சிசிலி வில்லியம்ஸ்?

புரதக் குறைபாட்டால் குழந்தைகளுக்கு வரும் நோய் எது? பள்ளி அறிவியல் தேர்வில் ஒரு மார்க் கேள்வி. குவாஷியோர்கர் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு அப்படியே மறந்திருப்போம். வாயில் நுழையாத அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அதை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் சிசிலி வில்லியம்ஸ். குழந்தைகளின் சாப்பாட்டுக்காக அதிகாரிகளுடனும் விளம்பரங்களுடனும் சண்டை போட்ட டாக்டர் அவர்.

ஜமைக்கா டு ஆக்ஸ்ஃபோர்டு

1893 டிசம்பர் 2-ல் ஜமைக்காவில் பிறந்தார் சிசிலி. ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தும் குடும்பச் சூழலால் உடனே போக முடியவில்லை. அப்பா இறந்த பிறகு, 23 வயதில்தான் கல்லூரிக்குள் நுழைந்தார். அது முதல் உலகப் போர் நேரம். ஆண் மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மருத்துவ வகுப்புகளில் இடம் காலி. அந்த இடைவெளியில்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது.

1923-ல் டாக்டரானார். லண்டனின் ஏழை மக்கள் வாழும் பகுதியில், குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தார். வீட்டு நிலைமை தெரியாமல் ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டார். கடைசி வரை அவர் விடாத பாடம் இது.

அந்த நோய்க்கு என்ன பெயர்?

1929-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அரசு மருத்துவராகப் போனார். ஆண் டாக்டர்களைவிட சம்பளம் குறைவு.

அங்கே ஒரே மாதிரியான குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வயது ஒன்று முதல் நான்கு வரை. கை, கால், வயிறு எல்லாம் வீங்கியிருக்கும். தோல் கருத்து உரியும். தலைமுடி செம்பட்டையாகும். வீக்கத்தால் பார்ப்பதற்குக் குண்டாகத் தெரிந்தாலும், உள்ளே உடல் கரைந்துகொண்டிருக்கும். பலர் பிழைக்கவில்லை.

மற்ற டாக்டர்கள் இதை பெல்லாக்ரா என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் என்றார்கள். சிசிலிக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசினார். இந்த நோயை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். கா மொழி பேசும் அந்தத் தாய்மார்கள் சொன்ன பதில்தான் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும், இடம் பறிபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நம்ம ஊர் பாட்டிகளும் இதைத்தான் சொல்வார்கள். அடுத்த பிள்ளை வந்து தாய்ப்பால் நின்றுபோய் மெலிந்த குழந்தையை சவலைப் பிள்ளை என்பார்கள் இல்லையா? கடல் கடந்த இரண்டு ஊர் அம்மாக்களும் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள்!

அந்தப் பெயரிலேயே விடை இருந்தது. தாய்ப்பால் நின்றதும் குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி மட்டும்தான். வயிறு நிறையும், ஆனால் வளர்வதற்குத் தேவையான புரதம் போதாது. இதை 1933-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 1935-ல் லான்செட் இதழில் குவாஷியோர்கர் என்ற பெயரையே பயன்படுத்தினார். மூத்த நிபுணர்கள் ஏற்க மறுத்தார்கள். அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்தது.

பால் டப்பாவுக்கு எதிரான குரல்

1936-ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே பிரச்சினை வேறு மாதிரி. நர்ஸ் போல உடை அணிந்த விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு கன்டென்ஸ்டு மில்க் கொடுக்கச் சொன்னார்கள். சர்க்கரை அதிகம், சத்து குறைவு. கூடவே அசுத்தமான தண்ணீரும் கழுவாத பாட்டிலும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் இதைப் பற்றிப் பேசினார். உரையின் தலைப்பே பாலும் கொலையும்! தவறான பிரசாரத்தால் நடக்கும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சிறையிலும் டாக்டர்தான்

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. சிசிலி சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய ராணுவ போலீஸ் அவரைத் தனியாகக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விசாரித்தது. உணவில்லாமல் பெரிபெரி வந்து, பாதங்களில் உணர்வு குறைந்தது. மற்றவர்களின் ஊட்டச்சத்துக்காக உழைத்தவர், அதே குறைபாட்டின் தழும்போடு 1945-ல் வெளியே வந்தார்.

1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பிறகு பல நாடுகளில் பாடம் எடுத்தார். 1992 ஜூலையில், 98 வயதில் காலமானார். பால் பவுடர், ஃபீடிங் பாட்டில் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இந்தியா கொண்டுவந்ததும் அதே 1992-ல்தான்.

இன்று நமக்கு என்ன?

குவாஷியோர்கருக்குப் புரதக் குறைவு மட்டும்தான் காரணமா, நோய்த்தொற்றும் குடல் நுண்ணுயிரிகளும் சேர்கின்றனவா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. ஆனால் சிசிலி கவனித்த அந்த ஆபத்தான கட்டம் மாறவில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு தாய்ப்பாலோடு திட உணவு. 2 வயது, அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்.

வெறும் கஞ்சி, வெறும் ரசம் சாதம், டீயில் தொட்ட பிஸ்கட் என்று ஓட்டிவிட்டால் வயிறு நிறையும், வளர்ச்சிக்குப் போதாது. மசித்த பருப்பு, முட்டை, தயிர், மீன், வேர்க்கடலை என்று வீட்டில் கட்டுப்படியாகும் ஏதாவது ஒன்று கிண்ணத்தில் சேர வேண்டும். (முழு வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும், பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.)

வீட்டில் புதுசாக ஒரு பாப்பா வந்திருக்கிறதா? எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்கும்போது, மூத்த குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். கானா அம்மாக்கள் ஒரே வார்த்தையில் சொன்னதும் அதைத்தான்.