யாங் குவெய்ஃபெய்: பேரழகும் பெரும்பழியும்

காலந்தோறும் அழகின் இலக்கணம் மாறுவதை நாம் அறிவோம். சீனத்தில் ஹான் மரபினர் ஆண்ட நாளில் அரசி ஜாவோ ஃபெய்யென்னின் கொடியனைய மெல்லுடல் போற்றப்பட்டது. தாங் மரபினர் காலத்திலோ திரண்ட கன்னமும் செழித்த மேனியுமே அழகெனப்பட்டன. அக்காலக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் பாவைகள் இதற்குச் சான்று. அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாய் நின்றவர் யாங் குவெய்ஃபெய். சீனர் போற்றும் நான்கு பேரழகியருள் தியாவ்சான் கதைமாந்தரே. இவரோ வரலாற்றில் வாழ்ந்தவர்.

719இல் பிறந்த இவரது இயற்பெயர் யூஹுவான். இளமையிலேயே தந்தையை இழந்து, சிற்றப்பன் இல்லத்தில் வளர்ந்தார். முதலில் பேரரசர் சுவான்சோங்கின் மகன் லீ மாவுக்கு மனைவியானார். பேரரசரின் உள்ளம் மருமகளை நாடவே, இவர் தாவோ சமயத் துறவியாக்கப்பட்டார். துறவுக்கோலம் ஊர்வாயை அடைக்கும் திரையன்றி வேறென்ன? 745இல் 'குவெய்ஃபெய்' என்னும் உயர்பட்டம் பெற்றார். அப்போது பேரரசருக்கு அறுபது வயது; இவருக்கு இருபத்தாறு.

ஆடலிலும் இசையிலும் வல்லவர், பேரரசரும் இசைவாணரே. இவர் விரும்பிய லிச்சிக் கனிகளை, வாடுமுன் தலைநகர் சாங்ஆனில் சேர்க்க, அஞ்சற் குதிரைகள் தென்னாட்டிலிருந்து இரவுபகலாக ஓடின. உறவினர் யாங் குவோசோங் 752இல் முதலமைச்சரானார். எல்லைப் படைத்தலைவன் ஆன் லூஷானுக்கும் அவருக்கும் பகை முற்றியது.

755இறுதியில் ஆன் லூஷான் கலகக்கொடி உயர்த்தினான். மறு ஆண்டு அரச குடும்பம் தலைநகரைவிட்டு ஓடியது. மாவெய் என்னும் தங்கலில், பசித்துக் களைத்த காவற்படையினர் முதலமைச்சரைக் கொன்றனர். யாங் குவெய்ஃபெய்யின் உயிரையும் கேட்டனர். பேரரசர் தயங்கினார், பின்னர் இசைந்தார். அங்கிருந்த புத்தர் கோயிலில் அரண்மனை அலுவலர் காவ் லீஷி இவரது கழுத்தை நெரித்துக் கொன்றார்.

எல்லைத் தலைவர்களிடம் பெரும்படைகளைக் குவித்தவர் பேரரசர். ஆட்சியை அமைச்சரிடம் விட்டவரும் அவரே. படை நடத்தாத, ஆணை பிறப்பிக்காத பெண்ணின் தலையில் நாட்டின் வீழ்ச்சியைச் சுமத்தியோர் பலர். 806இல் கவிஞர் பாய் ஜூயி இக்காதலைக் காவியமாக்கிய பின்னரே இரக்கம் மிகுந்தது எனலாம்.

757இல் சாங்ஆன் மீட்கப்பட்டது. உய்குர் வீரரோடு அரபு வீரரும் அப்போரில் துணைநின்றனர். பதவியிழந்து திரும்பிய சுவான்சோங், மாவெய்யில் புதைத்த உடலை முறையாக அடக்கம் செய்ய மறைவாக ஆளனுப்பினார். உடல் சிதைந்திருந்தது. மார்பில் வைத்திருந்த நறுமணப் பை மட்டும் கெடாமல் இருந்தது. அதனை எடுத்துவந்து முதிய அரசரிடம் கொடுத்தனர்.