சாமி குற்றமல்ல, இரத்தத்தின் மரபு

1910இல் ஜெர்மனியில் யூதராகப் பிறந்த மருத்துவர் ஹெர்மன் லேமன், நாஜி இனவெறிக்குத் தப்பி இங்கிலாந்து சென்றார். உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் படைவீரர்களின் இரத்தசோகையையும், பிறகு உகாண்டாவில் சத்துக்குறைவையும் ஆய்ந்தார். 1952இல் மேரி கட்புஷுடன் சேர்ந்து, நீலகிரிப் பழங்குடியினரிடம் சிவப்பணு அரிவாளாய் வளையும் மரபைக் கண்டறிந்து வெளியிட்டார். பெற்றோர் இருவருக்கும் அந்த மரபிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இது சாமி குற்றமோ சாதிக் குறையோ அல்ல. மலேரியா வாட்டிய மண்ணில் நிலைத்த மரபு. 1985இல் லேமன் மறைந்தார்.

அதே மேற்குமலையின் அடிவாரத்தில்தான் புளியங்குடியில் நாம் இருக்கிறோம். முருங்கைக்கீரையோடு நம்மூர் எலுமிச்சையும் சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாக ஒட்டும். அப்படியும் தேறாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல், இரத்தப் பரிசோதனை கேட்போம். அது நம் பிள்ளைகளின் உரிமை.