மனக்கண்ணில் தோன்றிய மலை

நிலக்காட்சிகளைப் புகைப்படமாக்கி உலகப் புகழ் பெற்றவர் ஆன்சல் ஆடம்ஸ். அவர் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பள்ளியில் ஓரிடத்தில் அமர்ந்து கற்க அவரால் இயலவில்லை. ஆகவே, தந்தையார் அவரை வீட்டிலேயே கற்கச் செய்தார். பன்னிரண்டாம் அகவையில் பியானோ இசைக்கத் தொடங்கிய ஆடம்ஸ், இசைக் கலைஞராகவே விரும்பினார்.

1916ஆம் ஆண்டு அவர் குடும்பத்தாருடன் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்கே பெற்றோர் அவருக்கு எளிய புகைப்படக் கருவி ஒன்றைப் பரிசளித்தனர். வானளாவிய பாறைகளும் அருவிகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அதன்பின் ஆண்டுதோறும் அவர் அங்குச் சென்றுவந்தார்.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையைப் படம் எடுக்க, நண்பர்களுடன் பனி படர்ந்த சரிவில் ஏறினார். அக்காலத்தில் அவர் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். ஒரு தகட்டில் ஒரு படமே பதியும். கொண்டுசென்ற 12 தகடுகளுள் இரண்டே எஞ்சின.

நண்பகலில் பாறை முழுவதும் நிழலில் இருந்தது. வெயில் பாறைமீது படரும்வரை ஆடம்ஸ் காத்திருந்தார். பின்னர், மஞ்சள் நிறக் கண்ணாடியை வில்லையின் முன் பொருத்திப் படம் எடுத்தார். உடனே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அப்படத்தில் வானம் வெளிறியே தோன்றும்; பாறையின் பெருமிதம் புலப்படாது. தம் மனக்கண்ணில் தோன்றியதோ, கருவானத்தின் முன் ஓங்கி நிற்கும் பாறை. சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் வானைக் கருமையாக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதைப் பொருத்தி, கடைசித் தகட்டில் படம் எடுத்தார். அவர் எண்ணியவாறே படம் அமைந்தது.

கருவியை இயக்குமுன் படத்தை மனத்தில் காணவேண்டும் என்பதே அன்றுமுதல் அவரது நெறியாயிற்று. இசையில் பெற்ற பயிற்சியும் அவருக்குத் துணைநின்றது. ஒரே தகட்டிலிருந்து மீண்டும் மீண்டும் அச்சிட்டு, ஒளியையும் நிழலையும் பொறுமையுடன் செம்மைப்படுத்தினார்.

அவருடைய படங்கள் இயற்கையைக் காக்கவும் பயன்பட்டன. சியரா நெவாடா மலைகளைக் காட்டும் படநூலை அவர் 1938ஆம் ஆண்டு வெளியிட்டார். அங்குள்ள கிங்ஸ் கேன்யன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கும் முயற்சிக்கு அந்நூல் வலுவூட்டியது. 1940ஆம் ஆண்டு அப்பூங்கா உருவாயிற்று.

ஆடம்ஸ் 1984ஆம் ஆண்டு மறைந்தார். அடுத்த ஆண்டு, அவர் நேசித்த மலைத்தொடரின் சிகரம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

சொற்பொருள்

அகவை – வயது
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
எஞ்சின – மீதமிருந்தன

சிந்தித்து விடை எழுதுக

1. ஆடம்ஸ் வெயிலுக்காகக் காத்திருந்தது ஏன்?
2. நீங்கள் வாழும் ஊரின் காட்சி ஒன்றை ஒரே ஒரு படம் எடுக்கலாம் எனில், எதை, எப்பொழுதில் எடுப்பீர்கள்? காரணம் கூறுக.