நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் மூன்றையும் சேர்த்து முத்தமிழ் என்கின்றோம். அம்மூன்றையும் ஒரே மேடையில் இணைத்து வாழவைத்த பெருமகனார் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள், தந்தையாரிடம் தமிழ் கற்றார். பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். உப்புப் பண்டகசாலையிற் கணக்கராகச் சிலகாலம் பணிபுரிந்த அவர், 24 ஆவது வயதில் நாடகத் துறையிற் புகுந்தார். எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்து, காண்போரை அஞ்சவைத்தார்.

அக்காலத்தே வண்ணத் திரைகளும் ஆர்மோனியமும் மேடைக்கு வந்துவிட்டன. எனினும் நடிகர்கள் தத்தம் மனம்போனபடி பேசிப் பாடினர். காட்சி ஒருபுறமும் பாட்டு ஒருபுறமும் கதை வேறொருபுறமும் சென்றன. சுவாமிகள் உரையாடலையும் பாடலையும் வரையறுத்து எழுதி, கதைக்கு இசையையும் இசைக்கு நடிப்பையும் பொருத்தினார். பவளக்கொடி, வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி முதலியன இவ்வாறு உருவானவை.

ஜேர்மனியில் றிச்சர்ட் வாக்னர் இத்தகைய ஒருமையை நாடியே 1876 இல் பைரொய்த் நகரில் தனி அரங்கு திறந்தார். அவருக்குப் பவேரிய மன்னரின் பொருளுதவி இருந்தது. சுவாமிகளுக்கோ ஊரூராய் அலைந்த நாடகக் குழுக்களே துணை.

எழுதியதை மீறிய பெரிய நடிகர்களால் மனம் நொந்த சுவாமிகள், சிறுவரை நாடினார். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். ஆறு வயதிற் சேர்ந்த தி. க. சண்முகம், பிற்காலத்தில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்றார். அப்பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, கடும் ஒழுங்கில் வளர்ந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இறுதிக் காலத்திற் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. ஆயிரமாயிரம் பாடல் தந்த நா அடங்கியது. ஆயினும் குழுவைப் பிரியாது உடன்சென்ற அவர், 1922 நவம்பர் 13 இல் புதுச்சேரியில் மறைந்தார்.

இவ்விசைநாடக மரபு கடல்கடந்து யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் கண்டு கண்ணீர் உகுத்த பெற்றோர் நம்மிடையே உளர்.

அன்புப் பிள்ளைகளே! நாம் நாட்டை விட்டு வந்தோம். நூல்களையும் விட்டு வந்தோம். மனனஞ் செய்த பாடலை எவரும் பறிக்கவில்லை. ரூஜ் பகுதியில் நீங்கள் மேடையேறித் தமிழிற் பாடி நடிக்கும்பொழுது, சுவாமிகள் இழந்த குரல் உங்களிடத்தே தொடர்கின்றது. பொருளுணர்ந்து, பிழையறப் பாடுங்கள்.