கட்டையைப் பிடித்தவர் காற்றில் மிதந்தார்!



முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் அரத்தைக் கொடுத்து, இரும்புத் துண்டை நாள்கணக்கில் ராவ வைப்பார்கள். இதைத் தேய்த்து என்ன ஆகப்போகுது என்று முணுமுணுக்காதவர் நம்மில் யார்? அவர்கள் எல்லோரும் அன்னா பாவ்லோவாவின் கதையைக் கொஞ்சம் கேட்கணும்.

1881-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் அன்னா. அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். அந்த அம்மா ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலே, சிறுமியின் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆடினால் இதைத்தான் ஆடணும் என்று ஒரே பிடிவாதம்! அரசு பாலே பள்ளியோ, வயசு பத்தாது என்று திருப்பி அனுப்பியது. 1891-ல்தான் இடம் கிடைத்தது.

உள்ளே போனதும் அடுத்த சோதனை. ஒல்லி உடம்பு, மெலிந்த கணுக்கால், அளவுக்கு மீறி வளைந்த பாதம். அன்றைக்கு மேடையைக் கலக்கியவர்களோ திடகாத்திரமான இத்தாலிய நர்த்தகிகள். கூடப் படித்த பிள்ளைகள் இவரைத் துடைப்பம் என்று கேலி செய்தார்கள்.

பாலே மாணவர்களுக்கு அரம் எது தெரியுமா? ‘பார்’! (உடனே மனசு வேறெங்கோ போக வேண்டாம் நண்பர்களே!) சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஓடும் வெறும் மரக்கட்டை அது. அதில் ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு, முழங்கால்களை வெளிப்பக்கமாக மடக்கி எழுவது ‘பிளியே’. தாவி இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் இதில்தான் தயாராகிறது. பாதத்தைத் தரையோடு தேய்த்து விரல்நுனி வரை நீட்டுவது ‘தாந்து’. இது பாதத்துக்குப் பலம். காலால் தரையில் அரைவட்டம் போடுவது ‘ரோன் த ஜாம்ப்’. இது இடுப்பு மூட்டுக்கு. கடைசியில் காலை உயர வீசுவது ‘கிரான் பாட்மான்’. வலக்காலால் செய்ததை இடக்காலாலும் செய்யணும். கட்டையில் தொங்கினால் பயனில்லை; கையை எடுத்தாலும் உடம்பு சாயாமல் நிற்கணும்.

1899-ல் பாவ்லோவாவின் படிப்பு முடிந்தது. 1906-ல் மாரின்ஸ்கி அரங்கின் தலைமை நர்த்தகி ஆனார். இனி என்ன, ஹாயாக இருக்கலாமே? அவர் அப்படி இருக்கவில்லை. என்ரிகோ செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசானிடம் தனிப்பாடத்துக்குப் போய் நின்றார்! திங்களுக்கு இது, செவ்வாய்க்கு இது என்று பயிற்சிக்கே டைம்டேபிள் போட்ட கறார் வாத்தியார் அவர். புகழின் உச்சியில் இருந்தவர், மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து கட்டையைப் பிடித்தார்.

பலவீனமான பாதத்துக்கு இன்னொரு வழியும் கண்டார். நடனக் காலணியின் அடியில் கெட்டித் தோல் வைத்து உறுதிப்படுத்திக்கொண்டார். மெக்கானிக்கல் தோழர்களே, இதுவும் டிசைன்தானே!

ஃபோகின் அமைத்துக் கொடுத்த ‘சாகும் அன்னம்’ சில நிமிட நடனம்தான். ஏறக்குறைய முழுவதும் விரல்நுனியில் நின்றபடி வைக்கும் பொடி அடிகள். அந்த மெல்லிய கணுக்கால்கள் அதைத் தாங்கின, உலகமே கண்கலங்கியது.

சொந்தக் குழுவோடு நாடு நாடாகச் சுற்றிய பாவ்லோவா இந்தியாவுக்கும் வந்தார். நம் ருக்மிணி தேவி அருண்டேல் பாலே கற்க வழி செய்தவரும், தாய்நாட்டுக் கலையைத் தேடிப் போகத் தூண்டியவரும் இவரே. 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்திரா பிறந்தது.

1931 ஜனவரி 23. நெதர்லாந்தின் ஹேக் நகரில், சுற்றுப்பயணத்தின் நடுவே, நுரையீரல் நோயால் பாவ்லோவா மறைந்தார். ஐம்பது வயசு நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன.

தோழர்களே! கைதட்டல் மேடையில் கிடைக்கும். அதற்கான கால், யாரும் பார்க்காத சுவரோரத்தில்தான் உருவாகும். அடுத்த முறை அரத்தைத் தொடும்போது அந்த மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்!