இருட்டுச் சாலைக்குக் கண் கொடுத்தவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இரவுப் பேருந்தில் முன் இருக்கையில் அமர்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். விளக்கொளி பட்டதும் நெடுஞ்சாலையின் நடுவே பொட்டுப் பொட்டாக ஒளி தோன்றும். பாதை திரும்பினால் அந்தப் பொட்டுகளும் திரும்பும். அவற்றுக்கெல்லாம் முன்னோடி, இங்கிலாந்தில் 'பூனைக்கண்' எனப் பெயர் பெற்ற சாதனம். அதை உருவாக்கியவர் பெர்சி ஷா.

1890ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் யார்க்‌ஷையரிலுள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை சாயப்பட்டறைக் கூலித் தொழிலாளி. வீடு நிறையப் பிள்ளைகள். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனார் ஷா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற முறையில், அவர் வரலாற்றில் என்னை முதலில் நிறுத்தியது இந்த இடந்தான். படிப்பு நின்றதே தவிர, அவர் அறிவு நிற்கவில்லை. பின்னர், வீடுகளுக்குச் செல்லும் தனியார் பாதைகளைச் செப்பனிடும் தொழிலில் இறங்கினார். அதற்கென ஒரு சிறிய உருளை இயந்திரத்தைத் தாமே அமைத்துக்கொண்டார்.

அவர் ஊர்ப் பக்கத்துச் சாலைகள் மேடும் பள்ளமும் மூடுபனியும் நிறைந்தவை. இரவில் டிராம் தண்டவாளங்களின் பளபளப்பே ஓட்டுநர்களுக்கு வழி காட்டியது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டதும் அந்தத் துணையும் போயிற்று. ஒருநாள் இரவு பூனையின் கண்கள் மின்னியதைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்தது என்பர். இக்கதையை அவரே பலவிதமாகச் சொன்னதுண்டு.

ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் அதற்கு முன்பே சாலைப் பலகைகளில் இருந்தன. அவற்றைத் தரையிலேயே பதித்ததுதான் ஷாவின் புதுமை. சாதாரண ஆடியில் சாய்வாக விழும் ஒளி வேறு பக்கம் போய்விடும். இதிலோ முன்னாலுள்ள கண்ணாடி வில்லை ஒளியைக் குவிக்க, பின்னாலுள்ள ஆடி அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆகவே விளக்கேற்றிய ஓட்டுநரின் கண்ணுக்கே அது வந்து சேரும்; மின்சாரம் வேண்டியதில்லை. சேறு படிந்தால்? அதற்கும் வழி கண்டார். சக்கரம் ஏறும்போது ரப்பர் அமுங்கி, அடியில் தேங்கிய மழைநீரைக் கொண்டு, நாம் இமை கொட்டுவது போலக் கண்ணாடியைத் துடைத்துவிடும்.

1934இல் காப்புரிமை, 1935இல் சொந்தத் தொழிற்சாலை. தொடக்கத்தில் விற்பனை மந்தம். இரண்டாம் உலகப் போரில் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டபோதுதான் நாடு அவர் அருமையை உணர்ந்தது. 1965இல் அரச விருது பெற்றார். திருமணம் செய்துகொள்ளாமல், சிறு வயது முதல் வாழ்ந்த பகுதியிலேயே எளிமையாக வாழ்ந்து, 1976 செப்டம்பர் முதல் நாளன்று மறைந்தார்.

இன்று கோட்டை விட்டு வண்டி விலகினால் எச்சரிக்கும் கார்கள் வந்துவிட்டன. அந்தக் கார்களின் கேமராவும் சாலையிலுள்ள கோடுகளைப் பார்த்துத்தான் வழி அறிகிறது. ஓட்டுநருக்குப் பாதையை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற ஷாவின் எண்ணம் பழசாகிவிடவில்லை.

எங்கள் ஜவ்வாது மலையில் கொண்டை ஊசி வளைவும் பனியும் இருட்டும் ஒன்றுசேரும் இடங்கள் பல. அங்கே ஒளிரும் பொட்டுகள் உயிர் காக்கும். ஆனால் எல்லாவற்றையும் அவை காக்கமாட்டா. 2022 ஏப்ரலில் புதூர்நாடு அருகே மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் மாண்டனர். சரக்கு வண்டியில் மனிதர்களை அடைக்கும் வழக்கத்தை எந்தக் கண்ணாடியால் தடுக்க முடியும்?

சாலைக்கு ஒருவர் கண் கொடுத்தார். வளைவில் வேகம் குறைத்து ஒலி எழுப்புவதும், மேலேறும் வண்டிக்கு வழிவிடுவதும், எதிரே வருபவர் கண் கூசாமல் விளக்கைத் தாழ்த்துவதும் நம் பொறுப்பு. படித்த நாம் இவற்றை நம் ஊர் ஓட்டுநர்களிடம் எடுத்துச் சொன்னால், அதுவே பெர்சி ஷாவுக்கு நாம் செலுத்தும் நன்றி.